உரிந்த பெயிண்டின் முதுகு

மரத்திலிருந்து பெயிண்ட் உரிந்து விழுந்தால் நாம் அதன் முகத்தைத்தான் பார்க்கிறோம். நிறம் மங்கிவிட்டது, பளபளப்பு போய்விட்டது என்கிறோம். அந்தச் செதிலை எடுத்துத் திருப்பிப் பார்ப்பதில்லை. கதவுக்கு என்ன நேர்ந்தது என்பது அதன் முதுகில்தான் இருக்கிறது. முதுகு வழவழப்பாக இருந்தால், பழைய பூச்சைத் தேய்க்காமல் அதன் மினுமினுப்பின் மேலேயே புதியதை அடித்திருக்கிறார்கள். முதுகில் சாம்பல் நிற மரநார் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், பெயிண்ட் நன்றாகத்தான் பிடித்திருந்தது. அது பிடித்துக்கொண்டிருந்த மரத்தின் மேல்தோல்தான் முன்பே செத்திருந்தது. கொப்புளமாக எழும்பி, உடைத்தால் உள்ளே வெறும் மரம் ஈரத்தோடு தெரிந்தால், தண்ணீர் பின்பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. மூன்றும் வெவ்வேறு நோய்கள். நாம் மூன்றுக்கும் ஒரே மருந்தைத்தான் கொடுக்கிறோம்: இன்னொரு கோட்.

கண்ணமங்கலம் வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது. நாகநதி ஓடும் ஊர். மேற்கே ஜவ்வாது மலை, தென்கிழக்கே ஆரணி. பட்டுத் தறி ஓடும் தெருக்களில் பழைய வீடுகள் சில இன்னும் மிச்சமிருக்கின்றன. முன்னால் திண்ணை, திண்ணைமேல் ஓட்டுச் சாய்ப்பு, அதைத் தாங்கும் மரத்தூண்கள், நடுவில் இரட்டைக் கதவு, பக்கத்தில் கம்பி வைத்த மர ஜன்னல். உள்ளே நுழைந்தால் முதல் கூடத்திலேயே தறி. வெளியே நிற்கும் இந்த மரங்களுக்குப் பெரும்பாலான வீடுகளில் ஒரே கதைதான். பொங்கலுக்குப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். ஆடி பிறப்பதற்குள் தூணின் அடியும் கதவின் கீழ்ப்பலகையும் உரியத் தொடங்கியிருக்கும். "இப்ப வர்ற பெயிண்டே சரியில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த மார்கழிக்குக் காத்திருப்பார்கள்.

பெயிண்டைக் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பூசும் காலம்தான் தவறு.

பொங்கலுக்கு முன் வீட்டை வெள்ளையடிப்பது சுண்ணாம்புக்கு மிகப் பொருத்தமான வழக்கம். நீற்றிய சுண்ணாம்பு காய்வதால் மட்டும் கெட்டிப்படுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மறுபடியும் சுண்ணாம்புக்கல் ஆவதால் கெட்டிப்படுகிறது. அப்படி ஆவதற்கு ஈரம் வேண்டும். அதனால்தான் வெள்ளையடிப்பவர்கள் முதலில் சுவரில் தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள். சித்திரை வெயிலில் அடித்த சுண்ணாம்பு சட்டென்று காய்ந்துபோய், கை வைத்தால் மாவாக ஒட்டிக்கொண்டு வரும். மார்கழியிலோ சுவரில் மழைக்கால ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கும், காலையில் பனி இருக்கும், வெயிலும் இதமாக இருக்கும். சுண்ணாம்பு அவசரமில்லாமல் இறுகும். நீலம் கலந்து மட்டையால் அடித்த அந்த வெள்ளை அடுத்த மழை வரை நிற்கும். நம் முன்னோர் வேதியியல் படித்துவிட்டு இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அறுவடையும் பண்டிகையும் பருவமும் சுண்ணாம்பும் ஒன்றோடொன்று இசைந்து வந்தன.

அந்தக் காலத்தில் இந்தப் பட்டியலில் மரத்துக்குப் பெரிய இடம் இருக்கவில்லை. நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள், கதவை எண்ணெய்த் துணியால் துடைப்பார்கள், அவ்வளவுதான். டப்பாவில் அடைத்த பெயிண்ட் பிறகு வந்தது. ஹவுரா பக்கத்தில் ஷாலிமார் 1902இல் தொடங்கியது, பம்பாயில் ஏசியன் பெயிண்ட்ஸ் 1942இல். எனாமல் நம் சிற்றூர்களின் கதவுக்கு வந்து சேர்ந்தபோது அதற்கென்று தனியாக ஒரு நாள் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சுண்ணாம்பு அடிக்கிற கையோடு கதவுக்கும் அடித்துவிடலாம் என்று ஆகிவிட்டது. ஈரத்தை விரும்பும் பூச்சுக்கு உரிய மாதம், ஈரமே ஆகாத பூச்சுக்கும் மாதமாகிப்போனது.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழையில் வெளிமரம் தண்ணீர் குடிக்கிறது. நார் போகும் திசையில் அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்றே சொல்லலாம். நாருக்குக் குறுக்கேதான் ஊதுகிறது, சுருங்குகிறது. கார்த்திகையில் கதவு நிலையோடு இறுகிக்கொண்டு சாத்த வராமல் போவது அதனால்தான். ஆசாரியைக் கூப்பிட்டு விளிம்பை இழைக்கச் சொல்கிறோம். பங்குனியில் அதே கதவைச் சாத்தினால் இடுக்கு வழியே தெரு தெரிகிறது. வெளிமரத்தில் ஈரம் நூற்றுக்குப் பதினைந்து பங்கைத் தாண்டாமல் இருக்கும்போது பெயிண்ட் அடிப்பதே நல்லது என்பார்கள் மரவியலார். அதை அளக்கக் கருவி இருக்கிறது. ஆனால் வாசலில் தொங்கும் கதவைவிட நம்பகமான கருவியை நான் பார்த்ததில்லை. தோள் கொடுத்துத் தள்ளினால்தான் சாத்த வருகிறது என்றால் மரம் இன்னும் தயாராக இல்லை. ஒரு விரலால் தள்ளினாலே ஓசையில்லாமல் போய் நிற்கிறது என்றால் பிரைமர் டப்பாவைத் திறக்கலாம்.

மார்கழியில் அந்தக் கதவு தோளைக் கேட்கும். அந்த நிலையில் எனாமல் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் மாட்டிக்கொள்கிறது. சித்திரை வெயில் ஏறும்போது அது வெளியேற வழி தேடும். வழி கிடைக்காமல் பூச்சைத் தூக்கிக் கொப்புளமாக்கும். காபி கலர், சாக்லேட் கலர் என்று இருட்டு நிறம் அடித்த மேற்குப் பார்த்த கதவுகளில் இதை நன்றாகப் பார்க்கலாம்; அடர்நிறம் வெயிலைக் குடிக்கிறது. இன்னொன்றும் உண்டு. மார்கழி மாலையில் அடித்த எனாமல் இறுகுவதற்குள் இரவுப் பனி விழுந்தால் பளபளப்பு போய் மேலே பால்போல ஒரு மங்கல் படரும். எந்தப் பளபளப்புக்காகப் பண்டிகைக்கு முன் அவசரமாக அடித்தோமோ அதுவும் நமக்கு இல்லை.

மாசியும் பங்குனியும்தான் நம் பக்கத்து மரத்துக்கு உரிய மாதங்கள். மழை ஓய்ந்து மரம் இறுகியிருக்கும், பனி விலகியிருக்கும், அக்னி நட்சத்திரத்துக்கு நாள் இருக்கும். அப்போதும் நேர் வெயிலில் அடிக்கக் கூடாது. மேல் ஏடு காய்ந்து உள்ளே பச்சையாக நின்றுவிடும். கிழக்குப் பார்த்த வாசலுக்குப் பிற்பகல், மேற்குப் பார்த்ததற்குக் காலை என்று நிழலோடு நகர வேண்டும்.

இனி அந்தச் சாம்பல் நிறம். வெயில் படும் வெறும் மரம் முதலில் கொஞ்சம் கறுத்து, பிறகு வெளுத்துச் சாம்பலாகும். மரத்தில் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சூரியனின் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது. மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது பிணைப்பில்லாத நார். விரலால் தேய்த்தால் பஞ்சாக எழும்பும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் 1910இல் தொடங்கிய அரசு வனப்பொருள் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. அங்கே செய்த நீண்டகால ஆய்வுகள் இரண்டு விஷயங்களைச் சொல்கின்றன. பூச்சில்லாத மென்மரம் வெயில் மழையில் நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான் தேய்கிறது. ஆனால் அதே மரம் சில வாரங்கள் வெறுமனே வெயிலில் நின்றாலே அதன்மேல் பெயிண்ட் பிடிக்கும் வலு குறைந்துவிடுகிறது. மரம் அழிவதற்கு நூற்றாண்டுகள் ஆகலாம். பூச்சை ஏற்கும் தகுதியை இழக்கச் சில வாரங்கள் போதும். ஆகவே சுரண்டித் தேய்த்த கதவை 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவைப்பது, அந்தத் தேய்ப்பின் பலனை நாமே கைவிடுவதாகும். தேய்த்த அன்றே பிரைமர் ஏறிவிட வேண்டும்.

நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கச்சாப் பட்டில் சாயம் சரியாக ஏறாது. சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் வேகவைத்து, இழையின் மேலிருக்கும் பிசினைப் போக்கிய பிறகே சாயத்தொட்டிக்குப் போகும். அந்தப் பிசினோடு பட்டின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போய்விடும். காசு கொடுத்து வாங்கிய எடையைத் தண்ணீரில் விட்டுத்தான் மயில் கழுத்து நிறமும் அரக்கு நிறமும் கிடைக்கின்றன. தறியில் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒன்று, வாசல் கதவுக்கு வரும்போது மட்டும் நமக்கு வீண்செலவாகத் தோன்றுகிறது.

எங்கள் தெருவில் பெயிண்டர் ஒருவரிடம் தூண்களைச் சுரண்டித்தான் அடிக்க வேண்டும் என்று சொன்னேன். தூணைச் சுற்றி வந்து பார்த்தார்.

"சொரண்டறதுக்கே ரெண்டு நாள் கூலி ஆவும்ணா. அதுக்குப் பதிலா பட்டி வச்சி ரெண்டு கோட்டு இழுத்துட்டா கண்ணாடி மாதிரி நிக்கும்."

"எத்தனை நாளைக்குப்பா நிக்கும்?"

"பொங்கலுக்கு நிக்கும்ணா" என்றார். மறைக்கவில்லை. பிறகு அவரே சொன்னார்: "சொரண்ட எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்காதீங்க. அதுக்கு யாரும் காசு குடுக்கிறதில்ல."

அவர் சொன்னதில் தவறில்லை. சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசும்போது கண்ணுக்குத் தெரிவது பூசிய பரப்புதான். சுரண்டலும் தேய்ப்பும் அதில் மறைந்துபோகின்றன. சீக்கிரம் முடிப்பவருக்குத்தான் லாபம். பொறுமையாகச் செய்கிறவர் அதே தொகைக்கு இரண்டு மடங்கு நாள் உழைக்கிறார். இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு தொழிலாளியைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

தூணின் அடியில் ஒரு இடத்தைச் சுரண்டியால் மெல்லக் கீறிப் பாருங்கள். மேலே காபி கலர். அதன் கீழே கிளிப்பச்சை. அதன் கீழே ஒரு நீலம், கொஞ்சம் மஞ்சள். எல்லாவற்றுக்கும் அடியில் இளஞ்சிவப்புப் பிரைமர். அந்த வீட்டில் நடந்த கல்யாணங்களும் பொங்கல்களும் அந்தக் கனத்தில் அடுக்கியிருக்கின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த அடுக்கில் ஈயமும் இருக்கலாம். பழைய மஞ்சளிலும் பச்சையிலும் ஈயக் குரோமேட், பழைய இளஞ்சிவப்புப் பிரைமரில் செவ்வீயமும் வெள்ளை ஈயமும் சேர்வது சாதாரணமாக இருந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது 2016 நவம்பரில். அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் அடித்த எந்தப் பூச்சையும் ஈயம் உள்ளது என்றே வைத்துக்கொண்டு தொடுவதுதான் பாதுகாப்பு.

இந்தத் தெருக்களில் அது கூடுதல் கவலைக்குரியது. திண்ணை இங்கே வேலைக்கான இடமும்கூட. அங்கே ராட்டை வைத்து ஊடைநூலைத் தாரில் சுற்றுகிறார்கள். தவழும் குழந்தை தூணைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கிறது. மஞ்சள் பூசும் வேலை மிச்சம் என்று நிலைப்படிக்கு மஞ்சள் எனாமல் அடித்துச் சிவப்புப் பொட்டும் வைத்துவிட்ட வீடுகள் ஏராளம். அந்த மஞ்சள் எந்தக் காலத்தது என்று யாரும் பார்ப்பதில்லை. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பூச்சு நன்றாக ஒட்டிக்கொண்டு இருக்கும்வரை ஆபத்து குறைவு. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புழுதி கிளப்பும்போதும், தீ வைத்து உருக்கும்போதும்தான் அது காற்றில் ஏறுகிறது. எனவே தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்ட வேண்டும், வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்க்க வேண்டும், கீழே தார்ப்பாய் விரித்துச் செதில்களைக் கட்டி எடுக்க வேண்டும். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அன்றைக்கு வேறு வீட்டில் இருப்பது நல்லது. அப்படி ஈரமாகத் தேய்த்த மரம் நன்றாகக் காயும்வரை பிரைமர் காத்திருக்கத்தான் வேண்டும். பங்குனிக் காற்றில் அது பெரிய காத்திருப்பு ஆகாது. போகியன்று பெயிண்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டத்தை வாசலில் கொளுத்தும் பழக்கத்தை நாம் இன்றே நிறுத்திவிட வேண்டும். அந்தப் புகையைச் சுற்றி நின்று மேளம் அடிப்பது குழந்தைகள்தான்.

நாளைக் குறிப்பதில் தறிக்கும் ஒரு பங்கு உண்டு. வாசல் கதவுக்கும் தறிக்கும் நடுவே சில அடிதான். நெடுக்கு இழையான பாவு தறியில் ஏறியிருக்கும்போது கதவைச் சுரண்டினால் புழுதி இழைமேல்தான் போய் உட்காரும். தின்னர் வாடை சேலையில் ஏறும். வேலைக்கு ஏற்ற சமயம், ஒரு பாவு முடிந்து சேலையை அறுத்து எடுத்துவிட்டு, அடுத்த பாவை இழைக்கு இழை பிணைப்பதற்கு முன் கிடைக்கும் இடைவெளி. "தறி சும்மா இருக்கும்போதுதான் தம்பி கதவைப் பத்தியே நெனப்பு வரும்" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். தறி சும்மா இருந்தால் கூலியும் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் அவர் சொன்னார். மாசியில் மரம் தயாராக இருக்கலாம். கையில் காசு இருக்காது. மார்கழியில் பண்டிகைக்கென்று எப்படியாவது புரட்டும் பணம் இருக்கிறது, மரம் தயாராக இல்லை. காலம் தவறுவதற்கு அறியாமை ஒன்றுதான் காரணம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொங்கலுக்குச் சுவரை மட்டும் வெள்ளையடித்துக்கொண்டு, கதவுக்கான தொகையை மட்டும் தனியே ஒதுக்கிவைக்க முடிந்த வீடுகளாவது அதைச் செய்து காட்டலாம்.

எந்தப் பெயிண்டையும்விட மரத்தைக் காப்பது கூரைதான். கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். தமிழ்நாட்டின் மழை மிகுந்த மூலைகளில் ஒன்றில் அத்தனை மரவேலையும் நிற்பது, முற்றிய மரத்தாலும் அதன்மேல் தாழ இறங்கும் ஓட்டுச் சாய்ப்பாலும். நார்வேயில் போர்குண்ட் என்ற ஊரில் 1200ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டிய மரத் தேவாலயம் ஒன்று இன்றும் நிற்கிறது. பைன் மரத்திலிருந்து வடித்த தாரைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பப் பூசி வந்திருக்கிறார்கள். நம் தெருக்களில் ஓட்டைப் பிரித்து மெத்தை வீடு ஆக்கும்போது சாய்ப்பு போய்விடுகிறது. ஒன்றரை அடி சன்ஷேடு அந்த இடத்துக்கு வருகிறது. அதே பழைய கதவை எடுத்து அதே வாசலில் வைக்கிறோம். நிழலில் வாழ்ந்த கதவு திடீரென்று வெயிலுக்கும் சாரலுக்கும் முகம் கொடுக்க வேண்டியிருக்கிறது. பாட்டன் காலத்தில் பெயிண்டே இல்லாமல் நின்ற கதவு இப்போது நான்கு கோட்டிலும் நிற்கவில்லை என்று வியப்பவர்கள் அண்ணாந்து பார்த்தால் போதும்.

பழைய ஆசாரிகள் தூணின் அடியில் கல் வைத்ததும் இதே அறிவுதான். வெட்டு முகம்தான் மரம் தண்ணீர் குடிக்கும் வாய்; பக்கவாட்டைவிட அது பல மடங்கு வேகமாக உறிஞ்சும். தரையைத் தொடாமல் கல்லின்மேல் நிறுத்தினால் அந்த வாய் தண்ணீரில் படாது. பிறகு நாம் திண்ணைக்குச் சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டி அந்தக் கல்லை மூடிவிட்டோம். வாசல் தெளிக்கும் தண்ணீர் இப்போது தூணின் அடியில் தேங்குகிறது. அந்த இடத்தில் எத்தனை கோட் அடித்தாலும் உரியத்தான் செய்யும். தூணைச் சுற்றி விரல் அகலத்துக்கு டைல்ஸை வெட்டி எடுத்துத் தண்ணீர் ஓட வாட்டம் கொடுப்பதுதான் அங்கே முதல் வேலை.

கதவிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத அடி விளிம்பும், தலைக்கு மேலிருக்கும் மேல் விளிம்பும். அங்கே இரட்டைக் கதவின் சட்டங்களுடைய வெட்டு முகம் திறந்து கிடக்கிறது. கார்த்திகையில் ஆசாரி இழைத்துவிட்ட விளிம்பும் வெறும் மரமாகவே நிற்கிறது. தொங்கும் கதவில் அடி விளிம்புக்குப் பிரஷ் போகாது என்பதால் பல கதவுகள் செய்த நாள் முதல் அங்கே ஒரு கோட்கூடக் கண்டதில்லை. தண்ணீர் அந்த வழியாக ஏறி, முன்பக்கத்துப் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. முதலில் சொன்ன அந்த மூன்றாவது நோய்.

ஆகவே பெயிண்டரிடம் பேசும்போது சதுர அடிக்கு எவ்வளவு என்று தொடங்க வேண்டாம். கதவைக் கழற்றிப் பலகைமேல் படுக்கவைப்பது, ஈரமாகச் சுரண்டுவது, எண்ணெயும் மஞ்சளும் ஊறிய நிலைப்படியைச் சோடா போட்டுக் கழுவிக் காயவிடுவது, விளிம்புகளுக்கும் வெட்டு முகங்களுக்கும் பிரைமரை இரண்டு முறை ஊட்டுவது, இவற்றுக்கு நாள்கூலி தனியாக. பூசுவதற்கு அதன்பிறகு ஒரு தொகை. ஆளிவிதை எண்ணெய் போடுவதாக இருந்தால் இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்: துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. காயும்போது அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்; உள்ளே பட்டு இருக்கிறது. துணியைத் தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போட வேண்டும். இவ்வளவையும் நான் சொல்லி முடித்த பிறகு அந்தப் பெயிண்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கதவைக் கழட்டிட்டா ராத்திரிக்கு வாசலுக்கு என்னாண்ணா பண்ணுவீங்க?" ஒரு நாளைக்கு ஒரு கதவு, சாயங்காலத்துக்குள் அதைத் திருப்பி மாட்டிவிடுவது, அதற்கு ஆசாரியும் கூடவே வருவது என்று பேசி, மாசிக் கடைசியில் தறி அறுப்பு விழும் வாரத்தைக் குறித்துக்கொண்டோம்.